கதவுக்குப் பதில் விசைப்புலம்

தலைமை மருத்துவமனையில் அவசரப் பிரிவிலிருந்து அறுவைப் பிரிவுக்குப் போகும் நடைபாதையில் முன்பு ஒரு கதவு இருந்தது. பச்சை வண்ணம் அடித்த இரட்டைக் கதவு. ஆறு வருடங்களுக்கு முன்னால் அதன் கீல் ஒன்று கழன்றுவிட்டதால், பழுது பார்க்க வேண்டும் என்று கழற்றிக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்கள் போனவர்கள்தான். கதவு திரும்பி வரவே இல்லை.

அந்த வருடக் கடைசியில் பொருள் சரிபார்ப்பு வந்தது. சரிபார்ப்புப் படிவத்தில் ஒவ்வொரு வாசலுக்கும் நேரே 'தடுப்பின் வகை' என்று ஒரு கட்டம் உண்டு. மரக்கதவு, இரும்புக் கதவு, திரைச்சீலை என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்த கிடங்கு எழுத்தர், இந்த வாசலுக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தார். 'ஒன்றுமில்லை' என்று எழுதினால் கதவு எங்கே என்று கேட்பார்கள். காலியாக விட்டால் படிவம் திரும்பி வரும். அன்று காலையில்தான் அவர் ஒரு வாரப் பத்திரிகையில் விண்வெளித் தொடர்கதை ஒன்றைப் படித்திருந்தார். அதில் கதாநாயகனின் கப்பலைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத தடுப்பு ஒன்று இருந்தது. எதிரிகள் சுட்டதெல்லாம் அதில் பட்டுத் தெறித்தது. எழுத்தர் கட்டத்தில் 'விசைப்புலம்' என்று எழுதினார். மை காயட்டும் என்று ஒரு தரம் ஊதிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

மேலிடத்தில் அந்தச் சொல்லைப் படித்தவர்கள் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. தெரியாததால் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதது தெரிந்துவிடும். மாறாக, பாராட்டுக் கடிதம் வந்தது. அதைத் தொடர்ந்து, இருக்கிற விசைப்புலத்தை முறையாகப் பராமரிக்க ஓர் அதிகாரி, இரண்டு உதவியாளர்கள், புலத்தை இயக்க வேளைக்கு ஓர் இயக்குநர் என்று பதவிகள் வந்தன. தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கூண்டு, அதற்குள் ஒரு சுவிட்ச், மேலே சிவப்பு விளக்கு ஒன்று, பச்சை விளக்கு ஒன்று. சுவிட்சை அழுத்தினால் சிவப்பு அணைந்து பச்சை எரியும். அந்த சுவிட்சால் வேறெதுவும் நடக்காது, நடக்கவும் வழியில்லை. அதிலிருந்து கிளம்பும் கம்பி விளக்கோடு முடிந்துவிடுகிறது.

அதிகாரி வேறு யாருமில்லை, அதே கிடங்கு எழுத்தர்தான். தான் எழுதியது பொய் என்று முதல் இரண்டு வருடம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பிறகு பணி உயர்வு வந்தது. இப்போது அவர் அந்தப் பக்கம் போகும்போது, புலம் பட்டுக் கெட்டுவிடக் கூடாது என்று வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

புலப் பதிவேடு என்று தடித்த அட்டைப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் நாள், நேரம், கடந்தோர், தடுக்கப்பட்டோர் என்று நான்கு பத்திகள். ஊழியர்கள் கழுத்தில் அட்டை தொங்குவதால் கடக்கலாம். நோயாளிக்கு எண் இருப்பதால் கடக்கலாம். நோயாளியோடு வந்தவர்கள் மட்டும் கூண்டில் கடப்புச் சீட்டு வாங்கி, பச்சை எரிந்த பிறகு நடக்க வேண்டும். ஆறு வருடமாக எல்லோரும் அப்படித்தான் நடந்தார்கள். அதனால் 'தடுக்கப்பட்டோர்' பத்தியில் தினமும் 'இல்லை' என்றே எழுத வேண்டியிருந்தது. அதிகாரிக்கு அந்த ஒரு பத்திதான் உறுத்தல். மற்றபடி அவர் சந்தோஷமாக இருந்தார்.

அப்படியிருக்க ஒரு வியாழக்கிழமை காலை, ஊரில் பூட்டு ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் பூட்டுக்காரரின் மனைவி வீட்டுப் பரணில் இருந்த பழைய டப்பா ஒன்றை எடுக்க ஸ்டூல் மேல் ஏறினார். ஸ்டூலின் கால் வழுக்கி, இடது விலா மேசை விளிம்பில் மோத விழுந்தார். முதலில் சிரித்தார். "டப்பா தப்பிச்சிருச்சு" என்றார். அரை மணி நேரத்தில் முகம் வெளுத்து, உதடு வெளுத்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். கடையில் சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த பூட்டுக்காரர், பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து சொன்னதும் அரத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். படமும் எடுத்துப் பார்த்தார்.

"மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. உள்ளேயே ரத்தம் கசியுது. இன்னிக்கே திறந்து கட்டணும். பெரிய டாக்டர் ரெண்டு மணி வரைக்கும்தான் இருப்பாரு. நீங்க அறுவைப் பிரிவு கவுன்டர்ல போய்ச் சம்மதக் கையெழுத்துப் போடுங்க, நாங்க இவங்கள உள்ள அனுப்பிடறோம்" என்றார்.

அப்போது மணி பத்து இருபது. மனைவி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கணவரைப் பார்த்தார்.

"கடையைப் பூட்டினீங்களா?"

"இல்ல. அப்படியே ஓடி வந்துட்டேன்."

"பாருங்கம்மா" என்றார் மனைவி, பக்கத்தில் நின்ற நர்ஸிடம். "ஊருக்கெல்லாம் பூட்டு போடற மனுஷன். தன் கடையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்காரு."

நர்ஸ் சிரித்தாள். பூட்டுக்காரருக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. பேசுகிறாள், கிண்டல் பண்ணுகிறாள், அப்படியென்றால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு படிவத்தை வாங்கிக்கொண்டு நடந்தார்.

கூண்டில் ஆள் இல்லை. இயக்குநர் டீ குடிக்கப் போயிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூட்டுக்காரர் அதைப் பார்க்கவில்லை. முப்பது வருடமாக அவருக்குத் தடுப்பு என்றால் கீல், கொண்டி, தாழ்ப்பாள், சாவித் துவாரம். இவை எதுவும் இல்லாத இடத்தை அவர் வழி என்று நினைத்தார். மஞ்சள் கோட்டை மிதித்து நடந்து போனார்.

அறுவைப் பிரிவு கவுன்டரில் கண்ணாடி போட்ட பெண் எழுத்தர் படிவத்தை வாங்கினார். பூட்டுக்காரர் அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"கடப்புச் சீட்டு நம்பர்?"

"அது என்னம்மா?"

"விசைப்புலத்தைக் கடந்து வந்தீங்கல்ல, அதுக்குக் குடுப்பாங்களே."

"யாரும் ஒண்ணும் குடுக்கலையே."

"அப்புறம் எப்படி உள்ள வந்தீங்க?"

"நடந்துதாம்மா வந்தேன்."

கவுன்டரில் இருந்த மூன்று பேரும் எழுதுவதை நிறுத்தினார்கள். எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பூட்டுக்காரர் தலையிலிருந்து கால்வரை முழுசாகத்தான் இருந்தார்.

"சத்தமா சொல்லாதீங்க" என்றார் எழுத்தர். போனை எடுத்தார்.

ஐந்து நிமிடத்தில் அதிகாரி வந்தார். டீக்கடையிலிருந்து இயக்குநரையும் பிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அதிகாரி பூட்டுக்காரரை இரண்டு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"எரிச்சல் இருக்கா? தலைசுத்தல்? பல்லுல ஏதாவது கூச்சம்?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. என் வீட்டுக்காரிக்குத்தான் வயித்துக்குள்ள..."

"உங்களைத்தான் கேக்கறேன். புலம் ஓடிட்டு இருக்கு. சிவப்பு எரியுது. ஓடிட்டு இருக்கற புலத்தை மனுஷன் கடக்க முடியாது. நீங்க கடந்தேன்னு சொல்றீங்க. இதுல யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க. புலம் அரசாங்கத்தோடது."

"பொய் இல்லைங்க, இங்கதானே நிக்கறேன்."

"அதைத்தான் விசாரிக்கணும்" என்றார் அதிகாரி.

நல்லவேளையாக அன்று வியாழக்கிழமை. விசைப்புல ஆலோசனைக் குழு வியாழன்தோறும் கூடும். இப்போதும் முதல் மாடிக் கூட்ட அறையில் கூடித்தான் இருந்தது. ஆறு வருடத்தில் முதல் முறையாகக் குழுவுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தது. அதனால் பூட்டுக்காரரை மிகுந்த மரியாதையோடு உட்கார வைத்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து.

மருத்துவமனைத் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு பக்கம் இயற்பியல் பேராசிரியர். இன்னொரு பக்கம் விண்வெளிக் கதைகள் எழுதும் எழுத்தாளர். அதிகாரி முன்பு எழுத்தராக இருந்தபோது படித்த தொடர்கதையை எழுதியவரும் அவரே, அந்த நன்றிக்காகத்தான் குழுவில் சேர்த்திருந்தார்கள். மேசையின் கோடியில், ஊழியர்களுக்கு நிர்வாகப் பயிற்சி கொடுக்கும் பயிற்சியாளர்.

"ஐயா, ரெண்டு மணிக்குள்ள ஆபரேஷன் பண்ணணுமாம். இந்தக் கையெழுத்தை மட்டும் ஏத்துக்கச் சொல்லிட்டீங்கன்னா நான் எத்தனை நாள் வேணும்னாலும் வந்து பதில் சொல்றேன்" என்றார் பூட்டுக்காரர்.

"அதுக்காகத்தானே நாங்க உக்காந்திருக்கோம்" என்றார் தலைவர் கனிவாக. "பேராசிரியர் தொடங்கட்டும்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"முதல்ல விசைப்புலம்னா என்ன? அது சுவர் கிடையாது. ஒரு இடத்துல எந்தப் புள்ளியில ஒரு பொருளை வெச்சாலும் அது மேல எவ்வளவு விசை, எந்தத் திசையில விழும்னு சொல்றதுதான் புலம். பூமியைச் சுத்தி இருக்கு. காந்தத்தைச் சுத்தி இருக்கு. இப்ப இந்த அறையில நம்ம எல்லாரும் ஒரு புலத்துக்குள்ளதான் உக்காந்திருக்கோம். யாரையாவது அது நிறுத்திச்சா?"

பூட்டுக்காரருக்கு உயிர் வந்தது. "அதைத்தாங்க நானும் சொல்றேன். கதவு மாதிரி நிறுத்தாதுங்களே?"

"கதவு மாதிரி நிச்சயமா நிறுத்தாது" என்றார் பேராசிரியர்.

தலைவர் இருமினார். சின்ன இருமல்தான். குழுவின் கார் வாரத்துக்கு மூன்று நாள் பேராசிரியர் வீட்டு வாசலில் நிற்பது எல்லோருக்கும் தெரியும். பேராசிரியர் தண்ணீர் குடித்தார்.

"ஆனா" என்றார். "காந்தம் இரும்பை இழுக்கும், மரக்கட்டையை ஒண்ணும் பண்ணாது. ஏன்னா புலம் செயல்படறதுக்கு எதிர்ல இருக்கற பொருள்கிட்டயும் ஒரு தகுதி வேணும். நம்ம புலம் ஆறு வருஷமா நல்லா ஓடுது. இவர் மேல மட்டும் ஓடலைன்னா, குறை எங்க இருக்கும்? இவர்கிட்ட அந்தத் தகுதி இல்ல. விஞ்ஞான முறைப்படி சொன்னா, கணக்குல எடுத்துக்கற மாதிரி இவர்கிட்ட ஒண்ணுமே இல்ல. மரக்கட்டை."

"மரக்கட்டை போடற கையெழுத்து செல்லுமா?" என்று கேட்டார் தலைவர், உண்மையிலேயே சந்தேகம் வந்தவராக.

"அது சட்டம். என் துறை இல்ல."

அடுத்து எழுத்தாளர் எழுந்தார். பேசுவதற்கு முன்னால் கண்களைக் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டார்.

"பேராசிரியர் சொன்னது வறட்டு விஞ்ஞானம். இருபத்திரண்டு கதையில நான் விசைப்புலம் போட்டிருக்கேன். ஒரு தடவை கூட அது சும்மா இருந்ததில்ல. தொட்ட உடனே நீல வெளிச்சம் வரும். 'ஸ்ஸ்ஸ்'னு சத்தம் வரும். முடி கருகும். வில்லனா இருந்தா மொத்தமா சாம்பல்." அவர் பூட்டுக்காரரின் தலையருகே குனிந்து முகர்ந்தார். "தேங்காய் எண்ணெய்தான் வருது. ஆக இவர் கடக்கவே இல்ல. கடந்திருந்தா இந்த முடி இப்படி இருக்காது. என் வாசகர்கள் ஒத்துக்கவே மாட்டாங்க."

"ஐயா, நான் கதையில வர்ற ஆள் இல்லைங்களே."

"அது தெரியுது. கதையில வர்ற ஆளா இருந்தா இன்னும் நல்லாப் பேசியிருப்பீங்க" என்று சொல்லி உட்கார்ந்தார் எழுத்தாளர்.

பயிற்சியாளர் ஏற்கனவே வெள்ளைப் பலகையில் படம் வரைய ஆரம்பித்திருந்தார். நடுவில் ஒரு நேர்கோடு. இடதுபக்கத்திலிருந்து கோட்டைத் தள்ளும் அம்புகள், வலதுபக்கத்திலிருந்து எதிர்த்துத் தள்ளும் அம்புகள்.

"எங்க துறையில விசைப்புலம்னா இதுதான். ஒரு மாற்றத்தை முன்னால தள்ற சக்தி ஒரு பக்கம், பின்னால பிடிச்சு நிறுத்தற சக்தி இன்னொரு பக்கம். சார், உங்க மனைவியோட வலியை ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவுன்னு சொல்ல முடியுமா?"

"தெரியலைங்க. தாங்க முடியலைன்னுதான் சொன்னா."

"எட்டுன்னு போட்டுக்கறேன்" என்று இடதுபக்கம் ஓர் அம்புக்கு மேல் எட்டு என்று எழுதினார். வலதுபக்கம் விதிமுறை, பதிவேடு, கடப்புச் சீட்டு என்று மூன்று அம்புகளுக்கும் எண் போட்டார். கூட்டிப் பார்த்தார். பதினொன்று வந்தது. முகம் மலர்ந்தது. "பாருங்க, எவ்வளவு அழகா நிக்குது! ஒண்ணும் நகரல. ஒரு நிறுவனத்துக்கு இதைவிட ஆரோக்கியமான நிலைமையே கிடையாது."

எல்லோரும் கை தட்டினார்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகியிருந்தது.

பூட்டுக்காரர் எழுந்து நின்றார். "ஐயா, நான் படிக்காதவன். ஆனா ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியும். அந்த இடத்துல ஒரு கதவு இருந்துச்சு. பச்சைக் கதவு. அதைக் கழட்டினப்ப அதோட பூட்டை என்கிட்டதான் ரிப்பேருக்குக் குடுத்தாங்க. ரெண்டு தடவை எழுதிக் கேட்டும் யாரும் வாங்கிக்க வரல. இன்னும் என் கடையில ஆணியில தொங்குது, உங்க சீட்டோட. நீங்க அந்தக் கதவை மாட்டியிருந்தா நான் தட்டியிருப்பேன். யாராவது திறந்திருப்பாங்க."

அதிகாரி நாற்காலியில் நெளிந்தார். பிறகு தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவரின் முகத்தில் இருந்த கனிவு மெல்ல மெல்லக் கழன்றது.

"அரசாங்கப் பூட்டை ஆறு வருஷமா நீங்க வெச்சிருக்கீங்க" என்றார். "பூட்டைத் திறக்கறது உங்க தொழில். இன்னிக்குத் தடுப்பைத் தாண்டி உள்ள வந்திருக்கீங்க. இதையெல்லாம் சேத்துப் படிச்சா போலீஸ்காரங்க என்ன நினைப்பாங்க?"

பூட்டுக்காரர் உட்கார்ந்தார்.

தலைவர் மறுபடியும் கனிவுக்குத் திரும்பினார். "நான் உங்களை மிரட்டல. என் வீட்டுல கூட 'உங்களைச் சுத்தி ஒரு விசைப்புலம் இருக்கு'ன்னுதான் சொல்வாங்க. பதினெட்டு வருஷமா என் மனைவி என் அறைக்குள்ள வந்ததில்ல. பையன் வெளிநாட்டுலேர்ந்து செயலாளருக்குத்தான் போன் பண்ணுவான். மரியாதைன்னா அது. அந்த மரியாதையைத்தான் நான் இந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்தேன். நான் பொறுப்பேத்த நாள்லேர்ந்து அந்த நடைபாதை வழியா ஒரு புகார் கூட உள்ள வந்ததில்ல, தெரியுமா? அப்படிப்பட்ட ஒரு புலத்தை நீங்க பாட்டுக்கு நடந்து வந்தேன்னு சொன்னா, பதினாலு குடும்பத்தோட சோத்துல மண்ணைப் போடறீங்க. உங்க மனைவிக்கு வைத்தியம் பாக்கப்போறதும் அதே மருத்துவமனைதானே?"

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார் பூட்டுக்காரர்.

செய்ய வேண்டியது சுலபம். சோதனை நடத்த வேண்டும். பூட்டுக்காரர் எல்லோர் முன்னிலையிலும் புலத்தைக் கடக்க முயல வேண்டும். புலம் தடுத்ததும் 'தடுக்கப்பட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகு அவருக்கு முறைப்படி கடப்புச் சீட்டு தருவார்கள். சீட்டு கிடைத்ததும் கவுன்டருக்குப் போய்ப் புதிதாகச் சம்மதக் கையெழுத்துப் போடலாம். அரை மணி நேர வேலை என்றார் அதிகாரி.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் நடைபாதையில் கூடினார்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று இயக்குநர் இரண்டு முறை பார்த்தார். பூட்டுக்காரரைப் பத்தடி தள்ளி நிறுத்தி, "வாங்க" என்றார் அதிகாரி. பூட்டுக்காரர் வந்தார். கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றார்.

"மறுபடியும்" என்றார் அதிகாரி.

மறுபடியும் தாண்டினார்.

"நீங்க மனசை ஒருமுகப்படுத்தல" என்றார் பயிற்சியாளர்.

"நீலமா ஏதாவது தெரிஞ்சுதா?" என்று ஆவலோடு கேட்டார் எழுத்தாளர்.

அப்போதுதான் நடைபாதையின் அந்தக் கோடியில், அறுவை அறை வாசலில், தன் மனைவியை ஸ்ட்ரெச்சரோடு கொண்டுவந்து விட்டிருப்பதைப் பூட்டுக்காரர் பார்த்தார். மிஞ்சிப்போனால் நாற்பது அடி. அவள் தலையைத் திருப்பி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய பெரிய மனிதர்கள் நடுவில் தன் கணவர் முன்னும் பின்னும் நடப்பது அவளுக்கு எப்படிப் பட்டதோ, லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

மூன்றாம் முறை பூட்டுக்காரர் வேகமாக வந்தார். மஞ்சள் கோட்டில் கால் வைத்தவுடன் நெஞ்சில் யாரோ கை வைத்துத் தள்ளியது போலப் பின்னால் சாய்ந்தார். தள்ளாடினார். போதாது என்று தோன்றியதோ என்னவோ, தொப்பென்று விழுந்தார். பின்மண்டை தரையில் இடித்தது.

நடைபாதை முழுக்கக் கைதட்டல். அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. உதவியாளர் ஒருவர் நாடா வைத்து அளந்து, 'இருபத்தேழு அங்குலம் பின்னோக்கி' என்று எழுதினார். பூட்டுக்காரர் தரையில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். மணி ஒன்று அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

"இப்ப சீட்டு குடுங்க" என்றார்.

"குடுத்துடலாம். தலைவர் கையெழுத்துப் போடணும்" என்றார் அதிகாரி. திரும்பிப் பார்த்தார். தலைவரையும் குழுவையும் காணோம். சாப்பாட்டு வேளை ஒன்றிலிருந்து இரண்டு வரை என்றாலும் தலைவர் எதற்கும் முந்திக்கொள்பவர்.

"அப்ப காலையில நான் போட்ட கையெழுத்தையே..."

"அதெப்படி? நீங்கதான் உள்ளயே போகலையே. இப்பத்தானே எழுதிக் குடுத்தீங்க. உள்ள போகாத ஆளோட கையெழுத்து உள்ள இருந்தா அதுக்குப் பேரு போலி. அதை அப்பவே கிழிச்சுப் போடச் சொல்லிட்டேன், உங்க நல்லதுக்குத்தான்." அதிகாரி அவர் தோளைத் தட்டினார். "இங்கயே நில்லுங்க. தயவுசெஞ்சு கோட்டைத் தாண்டிடாதீங்க. தாண்டினீங்கன்னா எழுதிக் குடுத்தது பொய்யாயிடும், மறுபடி முதல்லேர்ந்து வரணும். ஃபைல் நகர ஆரம்பிச்சிருச்சு. அதைக் கெடுத்துடாதீங்க."

பூட்டுக்காரர் நின்றார். காலின் கட்டைவிரல் கோட்டில் படாமல் பார்த்துப் பார்த்து நின்றார். அவரைத் தாண்டி வார்டு ஊழியர்கள் போனார்கள், வந்தார்கள். சாப்பாட்டுத் தள்ளுவண்டி போனது. ஒரு பூனை கூடப் போனது. ஒவ்வொன்றும் கடக்கும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

நர்ஸ் ஸ்ட்ரெச்சரை இந்தப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு வந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் பதினைந்தடியில் நிறுத்தினாள்.

"கவுன்டர்லயே வந்து கையெழுத்துப் போடணுமாம் சார். இவங்களுக்கு நாடி இறங்குது" என்றாள்.

"என்னங்க" என்றார் மனைவி. குரல் காற்றாக வந்தது. "இங்க வாங்களேன்."

"வர முடியாதும்மா. கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ. சீட்டு வந்துரும்."

"ஏன் வர முடியாது? நடுவுல என்ன இருக்கு?"

பூட்டுக்காரர் நடுவில் பார்த்தார். மொசைக் தரை இருந்தது. அதில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது.

"விசைப்புலம் இருக்காம்" என்றார்.

"காலையில நீங்க வந்தீங்கல்ல?"

"வரல" என்றார் பூட்டுக்காரர். "எழுதிக் குடுத்துட்டேன்."

"பூட்டே இல்லாத இடத்துல நின்னுட்டு சாவி தேடறீங்க" என்றார் மனைவி. கிண்டலாகத்தான் சொல்ல நினைத்தார். மூச்சு போதவில்லை. நர்ஸ் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் பெரிய டாக்டர் கார் சாவியை விரலில் சுற்றியபடி வந்தார். கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் பூட்டுக்காரர் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்.

"நான் ரெடியாத்தான் இருந்தேன். கையெழுத்து இல்லாம கத்தியைத் தொட முடியாது" என்றார் டாக்டர். "நாளைக்கு முதல் கேஸ் இவங்கதான். கவலைப்படாதீங்க." போய்விட்டார்.

தலைவர் மூன்று மணிக்கு வந்தார். மூன்றே காலுக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். மூன்று இருபதுக்கு முத்திரை தேடினார்கள். முத்திரை கிடைத்துச் சீட்டு பூட்டுக்காரர் கைக்கு வந்தபோது, நர்ஸ் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவள் ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

நான்கு மணிக்குப் பிறகு தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார்கள். மேலே வெள்ளைத் துணி. ஊழியர் கோட்டுக்கு அந்தப் பக்கமே வண்டியை நிறுத்திவிட்டு, "சார், இதுக்குச் சீட்டு வேணுமா?" என்று கேட்டார்.

அதிகாரி விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். "வேணாம். இது இப்ப நோயாளியும் இல்ல, கூட வந்தவங்களும் இல்ல. புலம் இதைத் தடுக்காது" என்றார். பிறகு பூட்டுக்காரரைப் பார்த்தார். அவருக்கும் இரக்கம் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். "நீங்களும் போய்ப் பாருங்க. உங்ககிட்டதான் சீட்டு இருக்கே. பச்சை போடச் சொல்றேன்."

இயக்குநர் சுவிட்சை அழுத்தினார். சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. துணியின் ஒரு பக்கம் விலகி, மனைவியின் கை வெளியே தெரிந்தது. இரண்டு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம். பூட்டுக்காரர் வேகமாகப் போனார். கோட்டருகே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"போங்க" என்றார் அதிகாரி.

பூட்டுக்காரர் காலைத் தூக்கினார். கால் போகவில்லை. மறுபடியும் தூக்கினார். நெஞ்சில் என்னவோ கனமாக அழுத்தியது. கையை நீட்டினார். கை கோட்டுக்கு நேராக வந்ததும் வெறும் காற்றில் தட்டியது போல நின்று நடுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. உடம்பு முழுவதையும் முன்னால் சாய்த்துத் தள்ளிப் பார்த்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. ஓர் அங்குலம் கூட நகர முடியவில்லை.

"முடியலைங்க" என்றார். "சத்தியமா முடியலைங்க. அணைங்க. யாராவது இதை அணைங்க."

பச்சை விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. இயக்குநர் சுவிட்சைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வாயைப் பிளந்தபடி நின்றார். மெதுவாகக் கோட்டருகே வந்து, ஒரே ஒரு விரலை நீட்டப் போனவர், என்ன நினைத்தாரோ, சட்டென்று இழுத்துக்கொண்டார்.

ஊழியர் வண்டியைத் தள்ளினார். வண்டி கோட்டைத் தாண்டி, பூட்டுக்காரரின் தோளை உரசிக்கொண்டு, வெளியே போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தையே தள்ளிக்கொண்டிருந்தார்.

அதிகாரி கூண்டுக்குள் போய்ப் புலப் பதிவேட்டை எடுத்தார். அன்றைய தேதியில் 'தடுக்கப்பட்டோர்' பத்தியில் இயக்குநர் காலையிலேயே 'இல்லை' என்று எழுதி வைத்திருந்தார். அதிகாரி அதை அடித்துவிட்டு, 'ஒருவர்' என்று எழுதினார். கீழே இரண்டு கோடு போட்டார். மை காயட்டும் என்று ஒரு தரம் ஊதிவிட்டு, டீ குடிக்கப் போனார்.